பார்க்காத கையெழுத்துக்குச் சாட்சி போட்டுவிட்டேன், என்ன செய்வது?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வேலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல், மூன்றாம் ஆண்டு. அப்பா லுங்கி நெய்கிறார், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். இந்தக் கடைசி செமஸ்டரில் காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு அருகே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

“இரண்டு மாதமாகக் கேஸ் கட்டுகளுக்குப் பக்க எண் போடுகிறேன், ஜெராக்ஸ் எடுக்கிறேன், டைரியில் வாய்தா தேதி குறிக்கிறேன். மூன்று வருடம் அரசியலமைப்பு, உள்ளாட்சி, நிர்வாகம் என்று படித்தேன். இங்கே அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. படித்தது வீண்தானோ என்று தோன்றுகிறது. மூன்று வாரம் முன்பு குமாஸ்தா அண்ணன் ஓர் உயிலைக் கொடுத்து, ‘சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது, போடும்மா’ என்றார். போட்டுவிட்டேன். உயில் எழுதிய பெரியவருக்கு எண்பது வயது. அவருக்கு ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. உயிலில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஜெயிலுக்குப் போவேனா மேடம்?”

இன்னும் சில கேள்விகள் உண்டு. ஜூனியர்கள் இருவரும் அடுத்த மாதம் ஊரில் இருக்க மாட்டார்கள், ‘கறுப்பு வெள்ளை போட்டுக்கிட்டு நீயே போய் வாய்தா வாங்கிடு’ என்று சீனியர் சொல்லியிருக்கிறார்; போகலாமா? கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையில் மூன்று வழக்குகளை, கட்சிக்காரர் பெயர்களோடும் மனுக்களின் போட்டோக்களோடும் சேர்க்கலாமா? மாதம் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவு இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, அது தனக்கும் பொருந்துமா? இந்த ஆறு மாதம் நீதிபதி தேர்வுக்கு அனுபவமாகச் சேருமா? மேற்கொண்டு சட்டம் படிக்க ஆசை, ஆனால் ஐந்து வருடப் படிப்பில் சேரவில்லையே, இனி வழி இல்லை என்கிறார் மாமா. டி.என்.பி.எஸ்.சி. எழுது, இல்லாவிட்டால் வரன் பார்க்கிறேன் என்கிறார் அப்பா.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த உயிலைப் பேசுவோம். மற்றவை பொறுத்துக்கொள்ளும்.

உயில்: இந்த வாரமே

பெரியவர் உயிரோடு இருக்கிறார். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்தது அது ஒன்றுதான். உயில் எழுதியவர் நல்ல நினைவோடு இருக்கும்வரை அதை ரத்து செய்யலாம், திருத்தி எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாளும் தேவையில்லை. ஆகவே நடந்த தவறை இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். அவர் கண்ணை மூடிய பிறகு எவராலும் சரிசெய்ய முடியாது.

சாட்சி என்றால் சட்டம் எதைக் கேட்கிறது என்று சொல்கிறேன். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும், எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; அல்லது ‘இது நான் போட்ட கையெழுத்துதான்’ என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் அவர் முன்னிலையில் சாட்சி கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ‘என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்டுவிட்டேனே’ என்று நீங்கள் வருந்துவது தேவையற்றது. ஆளைப் பார்க்காமல் போட்டீர்களே, கோளாறு அங்கேதான்.

அது எவ்வளவு பெரிய கோளாறு என்பதை நான் ஜூனியராக இருந்தபோது கண்ணெதிரே பார்த்தேன். ஓர் உயில் வழக்கு. சாட்சிக் கூண்டில் நின்றவர் வக்கீல் ஆபீசுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த நல்ல மனிதர். கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், போட்டுவிட்டுக் கடைக்கு ஓடியிருக்கிறார். அதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. இன்னொரு சாட்சி அதற்குள் காலமாகிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் குரலையே உயர்த்தவில்லை. ‘பெரியவர் கட்டிலில் இருந்தாரா, நாற்காலியிலா?’ ‘நாற்காலிங்க.’ ‘கண்ணாடி போட்டிருந்தாரா?’ ‘ஆமாங்க.’ ‘எந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டார்?’ ‘நீலப் பேனாங்க.’ வக்கீல் உயிலை எடுத்து அவர் முன் நீட்டினார். அதில் இருந்தது இடதுகைப் பெருவிரல் ரேகை. கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நீர் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளுக்குத்தான் அந்த வீடு என்று தெருவுக்கே தெரியும். அவர் மனசும் அதுதான். ஆனாலும் உயில் தோற்றது. இப்போதைய பாரதிய சாட்சியச் சட்டம், பிரிவு 67இன்படி, சான்றொப்பம் இட்ட சாட்சி ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். உங்கள் பெரியவருக்குப் பின் அந்தக் கூண்டில் நிற்கப்போவது நீங்களாக இருக்கலாம். அப்போது உங்களுக்கு முப்பது வயது இருக்கும். எந்த ஊரில் இருப்பீர்களோ.

ஜெயில் பயத்துக்கு வருகிறேன். யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லாமல், ஒரு காசு லாபமில்லாமல், சொன்னதைக் கேட்டுப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தானாக முன்வந்து சொல்லித் திருத்திக்கொள்பவரை நினைத்து நான் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. நாளை சத்தியம் செய்துவிட்டு, ‘பார்த்தேன்’ என்று கோர்ட்டில் சொன்னால் அது பொய்ச் சாட்சி. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229இன்படி ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எந்தக் காலத்திலும், யார் கெஞ்சினாலும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. குமாஸ்தாவிடம் பேசிப் பயனில்லை, சீனியரிடம் நேராகப் போங்கள். ‘சார், அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. தெரியாமல் சாட்சி போட்டுவிட்டேன். அந்த உயில் நிற்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அவர் உங்கள் மேல் கோபப்படலாம், குமாஸ்தா மேல் கோபப்படலாம். ஆனால் தொழில் தெரிந்த எந்த வக்கீலும் அடுத்த நிமிடம் பெரியவருக்குப் போன் போடுவார். கட்சிக்காரர் உயில் நிற்காமல் போவது அவருக்கும் அவமானம்தானே. புதிய உயிலுக்குச் சாட்சிகள் பெரியவரின் ஊர்க்காரர்களாக, அவரைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருப்பது நல்லது. நடக்க முடிந்தால் அவரையே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிவும் செய்துவிடலாம். உயிலைப் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை. செய்தால் ஒரு பலம்.

உங்கள் கையெழுத்தை நீங்களே அடிக்கவோ, அந்தத் தாளைக் கிழிக்கவோ, எடுத்து ஒளித்துவைக்கவோ கூடாது. அது இருப்பதைவிடப் பெரிய வம்பு. நடந்ததைத் தேதியோடு உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். சீனியர் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவிட்டால், இன்டர்ன்ஷிப்பைக் கவனிக்கும் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, பெரியவரிடமே சொல்லிவிடுங்கள். அது அவருடைய உயில். அவரிடம் சொல்வது ரகசியத்தை மீறுவதாகாது.

கறுப்பு வெள்ளையும் வாய்தாவும்

போகாதீர்கள். உங்கள் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. டவாலி பெயர் கூப்பிட, எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவது என்பது இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் கனவில் ஒத்திகை பார்ப்பதுதான். ஆனால் வழக்கறிஞர்கள் சட்டம், 1961, கோர்ட்டில் ஆஜராகும் உரிமையைப் பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே தருகிறது. உரிமையில்லாமல் தொழில் செய்தால் பிரிவு 45இன்படி ஆறு மாதம் வரை சிறை. ‘வாய்தாதானே, அதில் என்ன வாதம் இருக்கிறது’ என்று நினைக்கிறீர்கள். வாய்தா கேட்பதும் ஆஜராவதுதான். ஒரு குறிப்பிட்ட வழக்கில் வழக்கறிஞர் அல்லாத ஒருவரைப் பேச நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தில் பிரிவு 32 இருக்கிறது. அது நீதிமன்றம் தெரிந்து கொடுக்கும் அனுமதி. கறுப்பு கோட்டைப் பார்த்து நீதிபதி உங்களை வக்கீல் என்று நம்பிக்கொள்வதற்குப் பெயர் அனுமதி இல்லை.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பில் கறுப்பு கோட்டும் டையும் போட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் அந்த உடை சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களும் வாதிட முடியாது. நீங்கள் இன்னும் பி.ஏ. மாணவி. கழுத்துப் பட்டையும் கவுனும் உங்களுக்கு வேண்டாம். சாதாரண வெளிர்நிறச் சுடிதார் போதும்.

சீனியரிடம், ‘பக்கத்து ஆபீசிலிருந்து ஒரு ஜூனியரை ஏற்பாடு செய்துவிடுங்கள் சார், கேஸ் கட்டை நான் எடுத்துக்கொண்டு கூடப் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் கோர்ட்டில் ஒருவருக்கு இன்னொருவர் வாய்தா வாங்கித் தருவது தினமும் நடப்பதுதான். அவரும் அவசரத்தில் யோசிக்காமல் சொல்லியிருப்பார்.

அறிக்கையில் யார் பெயர்?

கோர்ட்டில் தாக்கலான மனுவை எல்லோரும் பார்க்கலாம், அதனால் பெயர் போட்டால் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட் திறந்த மன்றம்தான். ஆனால் நீங்கள் அந்தத் தாள்களைப் பார்த்தது கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்து இல்லை. கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்த வக்கீல் ஆபீசில். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற கடமை, சாட்சியச் சட்டம் பிரிவு 132இன்படி அவருடைய குமாஸ்தாவையும் ஊழியர்களையும் கட்டுப்படுத்துகிறது. சம்பளம் வாங்காத இன்டர்னும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் குறிப்பிட்ட மூன்றாவது வழக்கு, ஒரு சிறுமி சம்பந்தப்பட்டது. அதைத் தொடவே தொடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். நியாய சன்ஹிதா பிரிவு 72இல் இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. பெயரை மறைத்து ஊரையும் பள்ளியையும் போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். மொபைலில் எடுத்து வைத்திருக்கும் போட்டோக்களை இன்றே அழித்துவிடுங்கள். பின்னணியில் கேஸ் கட்டு தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தால் அதையும் சேர்த்து.

ஒரே வரியில் நீங்கள் எழுதியது

ஐந்தாம் பக்கத்தின் கடைசியில், ‘சில நாள் எட்டரை மணி ஆகிவிடும், அங்கே வரும் ஒருவர் டிரஸ் பற்றி ஏதாவது சொல்வார், பெரிய விஷயமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நான் அப்படிப் போக மாட்டேன்.

2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரையும் பயிற்சிக்கு வந்தவரையும் ‘ஊழியர்’ என்றே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிப்பார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. புகார் தருவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் இந்தத் திங்கள்கிழமை முதல் ஆறு மணிக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். ‘சார், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கணும்’ என்றால் போதும், அதற்கு மேல் காரணம் கேட்கும் ஆபீசில் உங்களுக்கு வேலையில்லை. அந்த ஆள் சொன்ன வார்த்தைகளையும் தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

படித்தது வீணா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். ஏனென்றால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஓர் அம்மா நான்கு முறை வந்தார் என்று எழுதியிருந்தீர்கள். கணவர் இறந்த பிறகு நிலத்தின் பட்டா கொழுந்தனார் பெயருக்கு மாறிவிட்டது. தாலுகா ஆபீசில் ‘கோர்ட்டுக்குப் போ’ என்கிறார்கள், இங்கே வந்தால் ‘முதலில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மேல்முறையீடு போடு’ என்கிறார்கள், பாவமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையே, நிர்வாகத்துறை, நீதித்துறை என்று நீங்கள் பரீட்சைக்கு எழுதிய பாடம்தான் அந்த அம்மா உருவத்தில் நான்கு முறை படியேறி வந்திருக்கிறது.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தை ஒரு தரம் படியுங்கள், சிறிய சட்டம்தான். தாசில்தார் உத்தரவின் மேல் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. இது வருவாய்த்துறை வழி. ஆனால் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதையே தீர்மானிக்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். அங்கே தீர்ப்பு வந்தால் பட்டாவை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்று பிரிவு 14 சொல்கிறது. பட்டா கையில் இருந்தாலே சொத்து நமதுதான் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். பட்டா என்பது வருவாய்க் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரமும் வாரிசுரிமையும் கோர்ட் தீர்ப்பும். அதே நிலத்தில் நாளை வாய்க்கால் வெட்டப்போய் அடிதடி ஆகும் நிலை வந்தால், பட்டா மேல்முறையீட்டைக் கேட்ட அதே ஆர்.டி.ஓ. நிர்வாக நடுவராக உட்கார்ந்து, குடிமக்கள் பாதுகாப்புச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 164இன்கீழ் விசாரிப்பார். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு முயல வேண்டும் என்ற அரசியலமைப்பின் 50ஆவது உறுப்பைப் படித்திருப்பீர்களே. அது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, எங்கே பாதியில் நிற்கிறது என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்தால் பார்க்கலாம்.

பக்க எண் போடும் வேலையைக்கூட இப்படிப் பாருங்கள். வாலாஜா பக்கத்து நிலம் ஒன்றின் பழைய பாகப்பத்திரம் எப்போதாவது கையில் வந்தால், கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் படியுங்கள். ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். அடுத்த கிரயப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்த பிறகு வந்த பெயர். அதற்கடுத்ததில் ‘வேலூர் மாவட்டம்’. 2019க்குப் பிந்தையதில் ‘இராணிப்பேட்டை’. சர்வே எண்ணும் எல்லைக் கல்லும் நகரவே இல்லை. அரசாங்கம்தான் அதன் மேல் நான்கு பெயர் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்தத் தாலுகா, எந்தச் சார்பதிவகம், எந்தக் கோர்ட் எல்லை என்று அந்தக் குடும்பம் அலைந்திருக்கும். மாவட்டப் பிரிவினையைப் பற்றி நீங்கள் படித்த எந்தப் பாடத்திலும் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

அறிக்கைக்கு இதையே எடுங்கள். ‘ஒரு பட்டா தகராறு எத்தனை அலுவலகம் ஏறுகிறது’ என்று தலைப்பு வையுங்கள். யார் பெயரும் வேண்டாம், ஊர் வேண்டாம், சர்வே எண் வேண்டாம். எந்தப் படியில் எந்த மனு, யார் உத்தரவு போடுகிறார், அவருக்கு அந்த அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருந்து வருகிறது, மக்கள் எங்கே வழி தெரியாமல் திரும்புகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். சீனியரிடம் ஒரு முறை காட்டிவிட்டுக் கல்லூரியில் கொடுங்கள்.

இன்னொன்று. அந்த அம்மா ஐந்தாவது முறை வந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொல்லச் சீனியரிடம் அனுமதி கேளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12இன்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். நான்கு முறை பஸ் ஏறி வந்தவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பணம், அனுபவம், எல்.எல்.பி.

அந்த 15,000 ரூபாய்ச் செய்தி பொய்யில்லை, ஆனால் உங்களுக்கானதும் இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரும்படி சுற்றறிக்கை அனுப்பப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அது பதிவு செய்த ஜூனியர்களுக்கு. அவர்களிலேயே பலருக்கு இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்லூரி இன்டர்னுக்கு இவ்வளவு என்று சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை. பஸ் செலவைக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை, நியாயமான சீனியர் மறுக்க மாட்டார்.

நீதிபதி தேர்வுக்கு இந்த ஆறு மாதம் சேராது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மூன்று ஆண்டும் பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணப்படும். ஆக, எல்.எல்.பி. மூன்று வருடம், அதன்பின் தொழில் மூன்று வருடம். இன்று தொடங்கினாலும் ஆறு ஆண்டு ஆகும். இதைக் கூட்டிக் குறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மாமா சொன்னது தவறு. ஐந்து வருடப் படிப்பு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது, எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி. பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியலினத்தவருக்கு 40 சதவீதம் பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படைத் தகுதி. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் பட்ட மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நுழைவுத் தேர்வு இல்லை. அரசுச் சட்டக் கல்லூரி உங்களுக்குக் காட்பாடியிலேயே இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். படித்து முடித்துப் பதிவு செய்யப் பல்லாயிரம் ஆகுமே என்று கேட்டிருந்தீர்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயையும் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் அகில இந்திய பார் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டும்.

ஆனால் அப்பாவின் கணக்கையும் நான் தள்ளிவிட மாட்டேன். தறிச் சத்தத்தில் இருபது வருடம் உங்களைப் படிக்க வைத்தவர் மாதச் சம்பளம் கேட்பதில் தப்பில்லை. வக்கீல் தொழிலில் முதல் ஐந்து வருடம் கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அதிலும் பின்னால் ஆள் இல்லாத வீட்டிலிருந்து வந்தால். நானும் அப்படி வந்தவள்தான், சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். குரூப் 2 தேர்வுக்கு நீங்கள் படித்த அரசியலமைப்பு அப்படியே உதவும். சட்டம் படித்துக்கொண்டே அந்தத் தேர்வுகளை எழுதலாம். வேலை கிடைத்துவிட்டால் பகல்நேர எல்.எல்.பி.யையும் அதையும் சேர்த்துச் செய்ய முடியாது, அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்த வருடம் எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்துவிட்டு, ‘இரண்டு வருடம் தேர்வும் எழுதுகிறேன்பா’ என்று அப்பாவிடம் வாக்குக் கொடுப்பேன். அதை மனதார எழுதவும் செய்வேன்.

வக்கீல் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அவர் பயப்படுகிறார் போலிருக்கிறது. வாயால் பேசி அந்தப் பயம் போகாது. நெசவுக்கு லீவு இருக்கும் ஒரு நாள் காலை பத்தரைக்கு அவரைச் சத்துவாச்சாரிக்குக் கூட்டி வாருங்கள். பின் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பெண்களுக்கு இந்தத் தொழிலில் சட்டப்படி வழி திறந்தது 1923இல்; இன்று எத்தனை பெண்கள் அந்த மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மேலே நாற்காலியிலும் இருக்கிறார்கள் என்று அவரே எண்ணிக்கொள்வார்.

இதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. விண்ணப்பம் இனிமேல்தான் வரும், அறிக்கைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பெரியவருக்கோ எண்பது வயது. திங்கள்கிழமை மாலை சீனியர் கோர்ட்டிலிருந்து திரும்பி, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்ததும், கதவருகே நின்று ‘சார், ஒரு நிமிஷம்’ என்று ஆரம்பியுங்கள்.